பத்திரத் தெருவுக்கு லினக்ஸ் போட்ட புதன்கிழமை

பத்திரத் தெருவில் யாருக்கும் முடி வளரவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தெருமுனை வளைவுக்கு வெளியே சலூன் வைத்திருந்தவர்தான். அவரும் அதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளாமல், இனி இந்தப் பக்கத்து யாவாரம் அவ்வளவுதான் என்று சுழல் நாற்காலியைக் கழற்றி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்குள் ஞானமுத்து டீக்கடையில் ஒரு புதன்கிழமை வாங்கிய பால், எத்தனை பேருக்கு ஆற்றிக் கொடுத்தாலும் மறுநாள் அதே சட்டியில் அதே அளவு நின்றது, பழக்கடையில் விற்றுத் தீர்ந்த நாட்டுவாழைத் தார் மறுநாள் அதே கயிற்றில் அதே சீப்புகளோடு தொங்கியது, ரிஜிஸ்தர் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வெயிலில் வெளுக்காமல் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள், ஏனென்றால் அது முகூர்த்த மாதம், பத்திரம் பதிய வந்தவர்கள் வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்கள்.

டீக்கடையும் பழக்கடையும் போக அந்தத் தெருவில் இருந்ததெல்லாம் பத்திர எழுத்தர்களின் கடைகளும், ஜெராக்ஸ் கடைகளும், ஸ்டாம்ப் விற்பவர்களும்தான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று ஊர்க்காரர்களின் நிலமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துதான் கை மாறும். பழைய சிஸ்டத்துக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது, வேலை மும்முரமாக நடக்கும்போது, நான் என்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறேன், யாரும் அணைக்காதீர்கள் என்று நீலத் திரையைக் காட்டிவிட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். துபாயிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த ஒருவர், நல்ல நேரத்துக்குள் வீட்டுப் பத்திரத்தைப் பதிந்துவிட வேண்டும் என்று பட்டு வேட்டியில் உட்கார்ந்திருக்க, அது சுற்றிச் சுற்றி ராகு காலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் எழுந்து நின்று தெரு முழுவதற்கும் பொதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பத்திர எழுத்தர் சங்கத் தலைவர் பிச்சையா அண்ணாச்சிக்கு அது மனசில் தைத்துவிட்டது.

பிச்சையா, தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சுடலைமணியைக் கூப்பிட்டார். சுடலைமணிக்கு அப்போது முப்பது கூட ஆகவில்லை, கடைக்குப் பின்னாலேயே வீடு, மனைவி பரமகல்யாணி வளைகாப்பு முடிந்து முறைப்படி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"இந்த சிஸ்டத்தையே தூக்கிட்டு லினக்ஸ் போட்டுருவோம் அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. "அதுலயே ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு நித்தமும் புதுசு புதுசா மாறிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, போட்ட அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே கிடக்கும். ரெண்டு வருசத்துக்கு அசையாது. ஆனா ஒண்ணு, அன்னிக்கு இருந்த கோளாறும் போகாது."

"இருக்க கோளாறு நமக்குப் பழகினதுதானய்யா. புதுசா ஒண்ணு வரக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் பிச்சையா.

இதற்கு மேல் யோசிக்க வேண்டியதை அவர்கள் யோசிக்கவில்லை, வேறு ஒன்றைத்தான் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தார்கள். எந்தக் கடைக்கு முதலில் போடுவது? முதலில் போட்ட கடைக்கே பார்ட்டி எல்லாம் போய்விடுமே என்று மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் பிச்சையா வீட்டுக்குக் கீழே இருந்த சங்க அறையில் ஒரு பெரிய மெஷினை வைத்து, தெருவின் எல்லாக் கடைகளையும் அதோடு கட்டி, ரிஜிஸ்தர் ஆபீஸ் விடுமுறையான ஒரு ஆவணி மாதத்துப் புதன்கிழமை நல்ல நேரம் தொடங்கும் ஒன்பதேகாலுக்கு, ஒரே நேரத்தில், தெரு முழுக்கப் போடுவது என்று முடிவானது. லினக்ஸுக்கு நாள் பார்த்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் கல்யாணி போன் செய்தாள். "நான் இல்லாத நேரத்துல வீட்டுல எதையும் மாத்தாதிய" என்றாள். "வீட்டையா மாத்துதேன், கம்ப்யூட்டரைத்தான" என்று சொல்லிவிட்டு வைத்தான். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, எல்லாக் கடைகளிலும் எல்லாரும் ஒரே சமயத்தில் விசையைத் தட்டினார்கள். அந்த நிமிஷத்தில் ஞானமுத்துவுக்குக் கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடை மீரானும் ஸ்டாம்ப் விற்கும் லெட்சுமணனும் வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய ஜேசிபி கேபிளை உரசிவிட்டிருந்ததால் இன்டர்நெட் நொண்டிக்கொண்டிருந்தது. பிச்சையாவின் மனைவி சிவகாமியம்மாள், தீபாவளியைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் கைவிட்டவள், அன்று என்னவோ உடம்பு லேசாக இருக்க, மாடியில் சாய்ந்து உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு ஒரு இட்லியை ருசித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், ஒன்பதேகால் ஆனதும், தெரு தன்னை அந்தப் புதன்கிழமைக்குத் திருப்பிக்கொண்டது. கம்ப்யூட்டர்களுக்குள் தட்டியதும் ஏற்றியதும், மனிதர்களின் ஞாபகமும் மட்டும் அப்படியே இருந்தன, மற்றதெல்லாம் திரும்பியது. மீரானும் லெட்சுமணனும் சாயங்காலம் சமாதானமாகி ஒரே தட்டில் மிக்சர் தின்றாலும், காலையில் அந்தக் கோபம் சூடு குறையாமல் வந்து இருவருக்குள்ளும் உட்கார்ந்துகொள்ளும். ஞானமுத்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார், மறுநாள் பல்லும் இருந்தது, வலியும் இருந்தது, பிறகு அவர் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு டீ ஆற்றப் பழகினார். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, சிவகாமியம்மாள் தினமும் அதே லேசான உடம்போடு எழுந்து உட்கார்ந்து அதே இட்லியைத் தின்றாள். பிச்சையா மாடிப்படியில் நின்று அதைப் பார்ப்பார், பார்த்துவிட்டு இறங்கி வந்து அன்றைய முதல் பத்திரத்துக்குப் பிள்ளையார் சுழி போடுவார்.

அந்தப் புதன்கிழமை தெருவில் இல்லாத எதையும் தெரு வைத்துக்கொள்ளாது. லெட்சுமணன் புதிதாக மாட்டிய போர்டு, மறுநாள் வளைவுக்கு வெளியே குப்பைத் தொட்டியில் சாய்ந்து நின்றது. மீரான் வாங்கிய பிரிட்ஜும் அங்கேயே வந்து நின்றது. ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வாடகைக்கு வந்த புதுத் தம்பதி, தாங்கள் உட்கார்ந்திருந்த பாயோடு தெருமுனையில் இருப்பதைப் பார்த்து, முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதே மாதிரி, அன்றைக்குத் தெருவில் இருந்த எதையும் அது விடவும் விடாது. மதுரைக்குப் போன ஒருவர், பஸ் திருமங்கலம் தாண்டும்போது, கையில் டிக்கெட்டோடு தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பஸ் செலவு தண்டம் என்றுதான் அவர் வருத்தப்பட்டார்.

கல்யாணிக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. உமையாள் என்று பெயர் வைத்தார்கள். தை பிறந்ததும், மாமியார் வீட்டுச் சீரோடு, மரத் தொட்டிலோடு, குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். சுடலைமணி வளைவு வரை ஓடி வந்து வாங்கினான். அன்று முழுக்க அவன் கடை திறக்கவில்லை, பிள்ளையின் உள்ளங்காலை முகத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மறுநாள் ஒன்பதேகாலுக்குத் தொட்டில் தெருமுனையில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கல்யாணி, ஈரத் தலையில் துண்டோடு, கையில் தாளிப்புக் கரண்டியோடு நின்றாள். எத்தனை தடவை உள்ளே போனாலும், மறுநாள் காலையில் இருவரையும் தெரு அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தது. பழக்கடைக்காரி அவளுக்காக ஒரு கோணிப்பை விரித்து வைக்க ஆரம்பித்தாள். தெருக்காரர்கள் நல்லவர்கள், இம்மாதிரி உதவிகளுக்கு அவர்களிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வளைவுக்கு வெளியே, சலூன் இருந்த இடத்திலேயே கல்யாணி வாடகைக்குக் குடி வந்தாள். சுடலைமணி ராத்திரி அங்கே தங்குவான், காலை ஒன்பதேகாலுக்குப் பாயில் அவன் இடம் காலியாகிவிடும். இதுவரைக்கும் தாங்கிக்கொள்ளலாம், எத்தனையோ புருஷன்மார் இதைவிட மோசமாகத்தான் வீட்டுக்கு வந்து போகிறார்கள். தாங்க முடியாதது வேறொன்று.

அந்தப் புதன்கிழமை காலையில் சுடலைமணிக்குக் குழந்தை கிடையாது. ஒரு ஸ்கேன் படம் இருந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் இருந்தன, மனசு முழுக்க வயரும் கேபிளும் இருந்தன, பிள்ளைப் பாசம் என்ற ஒன்று இன்னும் முளைத்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் ஒன்பதேகாலுக்கு அது அவனிடமிருந்து போய்விடும். உமையாளின் முகம் ஞாபகம் இருக்கும், பெயர் ஞாபகம் இருக்கும், முந்தின நாள் அவள் தன் மூக்கைக் கடித்தது கூட ஞாபகம் இருக்கும், ஆனால் யாரோ சொல்லிக் கேட்ட விஷயம் மாதிரி இருக்கும். சாயங்காலம், கடமைக்கு வருகிற சொந்தக்காரன் போலச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத் தயங்கி உள்ளே வருவான். பிள்ளை ஊர்ந்து வந்து அவன் வேட்டியைப் பிடித்து எழும்பும். விளக்கு வைத்து ஒரு நாழிகைக்குள் அவன் மறுபடி தகப்பனாகிவிடுவான், எப்படி இவளைப் பார்க்காமல் பகலெல்லாம் இருந்தேன் என்று அவனுக்கே நடுக்கம் வரும். மறுநாள் ஒன்பதேகாலுக்கு எல்லாம் துடைத்தாற்போல் போய்விடும்.

உமையாள் நடக்கத் தொடங்கியபோது அதைப் புரிந்துகொண்டாள், பிள்ளைகள் எதைத்தான் புரிந்துகொள்வதில்லை. காலையில் அவன் பல் தேய்த்துவிட்டு வந்ததும், அவன் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டாமல் அவன் முகத்தையே பார்ப்பாள். ஒன்பதேகால் ஆனதும் அவள் கை வெறுமனே மூடியிருக்கும்.

"எனக்கு நீங்க பகல்ல வரலைன்னாப் பரவாயில்ல" என்றாள் கல்யாணி ஒரு சாயங்காலம். "அவளுக்கு வெவரம் தெரிஞ்ச பெறகும் இப்படியே வந்தியன்னா, நான் அவளைத் தூக்கிக்கிட்டு எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன். ஒரு பிள்ளைக்கு அப்பன் இல்லாமப் போறதை நித்தமும் என்னால பாக்க முடியாது."

"ரெண்டு வருசம் முடிஞ்சிட்டு கல்யாணி. புதுப் பதிப்பு வந்துட்டு" என்றான் அவன். "சங்கத்து மெஷின்ல அதை ஏத்திட்டா தெரு இன்னிக்குள்ள தேதிக்கு வந்துரும். நீயும் பிள்ளையும் உள்ள வந்துரலாம். எனக்கும் இது நிக்கும்." அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

சங்க அறையின் சாவி பிச்சையாவிடம் இருந்தது. கூட்டம் போட்டார்கள். சுடலைமணி பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை, அதுவே நல்ல சகுனமாக இல்லை. ஞானமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எம் பல்லுக்காச்சும் ஒரு விடிவு வரட்டும்" என்றார். மற்றவர்கள் மாடியைப் பார்த்தார்கள். பிச்சையாவை யாரும் பார்க்கவில்லை.

"புதுசு ஏறினா, ரெண்டு வருசத்துப் பாக்கியும் ஒரே நாள்ல வந்து நிக்கும், அப்படித்தானய்யா?" என்று கேட்டார் பிச்சையா.

"ஆமா அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

பிச்சையா வெகுநேரம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். "பிள்ளைக்கு அப்பன் வேணும்லா. செய்யி. ஆனா நல்ல நேரம் பாத்து ஆரம்பி. நாளைக்குச் சாயந்தரம் நல்ல நேரம் இருக்கு. அவசரப்பட்டு இப்பவே கையை வைக்காத." எல்லாரும் தலையாட்டினார்கள், சுடலைமணியும் தலையாட்டினான், ஏனென்றால் அவனும் அந்தத் தெருக்காரன்தான், கெட்ட நேரத்தில் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்க அவனுக்கும் கை வராது. சாயங்காலம் ஆரம்பித்தால், நொண்டுகிற கேபிளில் அது எப்போது முடியும் என்று பிச்சையா கணக்குப் போட்டாரா என்று என்னைக் கேட்டால், தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் அவரைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவர் யாரும் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் தொடங்கினான். பொழுது விடிந்தபோது திரையில் முக்கால்வாசிதான் நிறைந்திருந்தது. கல்யாணி உமையாளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நடுவுல ஒரு கேள்வி கேக்கும்" என்று அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். "இங்க ஏற்கெனவே ஒண்ணு அமைச்சு வச்சிருக்கிய, இருக்கதையே வச்சுக்கிடவா, புதுசைப் போடவான்னு கேக்கும். புதுசுன்னு சொல்லணும்னா ஒய்யைத் தட்டணும். ஒண்ணும் சொல்லாம வெறும் என்டரைத் தட்டினா, இருக்கதே இருக்கட்டும்னு அது எடுத்துக்கிடும். ஒன்பதேகாலுக்கு முன்னாடி கேட்டுட்டா நான் தட்டிருவேன். தாமசமாச்சுன்னா..."

"தாமசமானா நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள் கல்யாணி.

"நான் இருப்பேன். எல்லாம் ஞாபகம் இருக்கும். நீ சொன்னது, நான் சொன்னது, எல்லாம். ஞாபகம் இருந்தாப் போதும்லா, ஒரு பொத்தானைத் தட்ட."

கல்யாணி பிள்ளையை அவன் மடியில் இறக்கிவிட்டாள். உமையாள் அவன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் உச்சியில் மூக்கை வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், எண்கள் ஒவ்வொன்றாக ஏறின, வாசல் படியில் பிச்சையா வந்து உட்கார்ந்தார், டீக்கடை ரேடியோவில் ஒன்பது மணிச் செய்தி முடிந்து விளம்பரம் ஓடியது, கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, சுடலைமணியின் விரல் ஒய் எழுத்தின் மேல் காத்திருந்தது. அப்போது ஒன்பதேகால் ஆனது.

மடி லேசானது. மீரான் எங்கோ லெட்சுமணனைத் திட்டத் தொடங்கினார். மாடியில் சிவகாமியம்மாள், "சட்னி நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் விடு" என்றாள். பிறகுதான் திரையில் அந்தக் கேள்வி வந்தது.

சுடலைமணி அதை நிதானமாகப் படித்தான். அவன் சொன்னபடியே எல்லாம் ஞாபகம் இருந்தது, எந்த எழுத்தைத் தட்ட வேண்டும் என்பதும், எதற்காக என்பதும். பையப் பைய யோசித்துப் பார்த்தான். ஒரு பக்கம், மாடியில் ஒரு மனுஷி இட்லி தின்றுகொண்டிருந்தாள், இந்த ஒரு எழுத்தைத் தட்டினால் அவள் இன்றைக்குச் சாயங்காலம் இருக்க மாட்டாள். இன்னொரு பக்கம், தெருமுனையில் மனைவியும் ஒரு குழந்தையும் நல்லபடியாக இருந்தார்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ராத்திரி போய்ப் பார்க்கவும் செய்யலாம். எவ்வளவு யோசித்தும் தட்டுவதற்கு ஒரு காரணம் அவனுக்குக் கிடைக்கவில்லை. முந்தின நாள் தான் ஏன் அத்தனை தவித்தோம் என்பது, பக்கத்து வீட்டுக்காரனின் காய்ச்சல் போல, தெரிந்தது, ஆனால் சுடவில்லை. வாசல் படியில் பிச்சையா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார், அவர் தோள்கள் மட்டும் விறைத்திருந்தன. சுடலைமணி என்டரைத் தட்டினான்.

மெஷின் நன்றி சொல்லிவிட்டு மிச்ச வேலையை முடித்தது. தெருவின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் திரைப் படம் மாறி ஒரு மலையும் ஏரியும் வந்தன. வேறு எதுவும் மாறவில்லை.

போன் அடித்தது.

"கேட்டுச்சா?" என்றாள் கல்யாணி.

"கேட்டுச்சு. இருக்கதையே வச்சுக்கிட்டேன்" என்றான். "அதுதான் எல்லாருக்கும் நல்லது. உனக்கு அரிசி ஏதும் வாங்கணுமா?"

பின்னணியில் குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சத்தம் நின்றது.

அன்றைக்கு அவன் ஒன்பது கம்ப்யூட்டர்களில் பிரின்டரைச் சேர்த்துக் கொடுத்தான். சாயங்காலம் வழக்கம்போல் வளைவைத் தாண்டிப் போனான். அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தான், சுவரில் உமையாள் சாம்பல் கையால் வைத்த அச்சுகள் மட்டும் அவன் முழங்கால் உயரத்துக்கு வரிசையாக இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நிற்க, எந்த நாளும் ஏறுகிற மாதிரி, அது அவனுக்குள் ஏறியது. தகப்பனானான். காலையில் தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான், கடைசி பஸ் போய்விட்டிருந்தது, கல்யாணி போனை எடுக்கவில்லை, விடிவதற்குள் நடந்தே போய்விட முடியும் என்று கிளம்பினான், போனாலும் ஒன்பதேகாலுக்கு எங்கே இருப்போம் என்பது நினைவு வந்து நடு ரோட்டில் உட்கார்ந்தான். அவன் அழுத அழுகையை ஊரே கேட்டது.

தெருக்காரர்கள் வந்தார்கள். மீரான் ஒரு கையைப் பிடிக்க, லெட்சுமணன் மறு கையைப் பிடிக்க, அவனைத் தூக்கி நடத்திக்கொண்டு வந்து அவன் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஞானமுத்து சூடாகப் பால் கொண்டுவந்தார். பிச்சையா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து, முடியைக் கோதிவிட்டார். அவர் கண்களிலும் தண்ணீர் நின்றது, அது பொய்த் தண்ணீர் இல்லை.

"அழாதய்யா" என்றார். "காலைல சரியாயிரும்."